இரண்டு தேநீர்க் குவளைகள்: திரையரங்கில் ஒரு வாரம்

திரைப்படத்தைக் குறித்துப் போதகர்கள் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை படம் பாராதவர்களால் எழுதப்பட்டவை. இதைப் பிறர்மேல் சாட்டும் குற்றமாகக் கூறவில்லை. குருப்பட்டம் பெற்ற நாள்முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அவ்வாறே பேசியும் போதித்தும் வந்தவன். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், போதகர்களுக்கான புத்தாக்கப் பயிற்சி ஒன்றில் திரைப்படமும் அருட்பணியும் என்னும் பொருள்பற்றி இரண்டு விரிவுரைகள் ஆற்றும்படி என்னை அழைத்தனர். இசைவு தெரிவித்த பின்னரே, கடைசியாக எந்த ஆண்டில் கொட்டகைக்குள் அமர்ந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். விடை வெட்கத்தைத் தந்தது. ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் என் துணைவியார் மகள் வீட்டிற்குச் சென்றிருந்த நாட்களில், சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தேறி, ஐந்து முறை திரையரங்கிற்குச் சென்று வந்தேன்.

அது தமிழ்த் திரைப்பட இரசிகர்கள் இன்றும் நினைவுகூரும் வாரம் என்பதை அப்போது நான் அறியேன். மணிரத்னத்தின் 'செக்கச் சிவந்த வானம்' செப்டம்பர் 27ஆம் நாளும், மாரி செல்வராஜின் முதற்படமாகிய 'பரியேறும் பெருமாள்' 28ஆம் நாளும், சி. பிரேம்குமாரின் '96' அக்டோபர் 4ஆம் நாளும், ராம்குமாரின் 'ராட்சசன்' 5ஆம் நாளும் வெளிவந்தன. செப்டம்பர் 27, தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவான நாள் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார். நாம் ஆலயங்களில் ஐக்கியத்திற்காக நன்றி செலுத்திய அதே நாளில், மூன்று உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் வேட்டையாடும் படம் வெளியாயிற்று.

அப்படத்தைப்பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. தந்தை சேனாபதியின் அதிகாரத்திற்காக வரதன், தியாகு, எத்தி என்னும் மூன்று மைந்தர்கள் போரிடுகின்றனர். தாவீதின் வீட்டில் அம்னோனும் அப்சலோமும் அதோனியாவும் பட்ட பாட்டைச் சாமுவேலின் இரண்டாம் நூலிலும் இராஜாக்களின் முதல் நூலிலும் கற்பிக்கும் எந்த ஆசிரியருக்கும் அக்கதை புதிதன்று. படப்பிடிப்பு கண்ணைப் பறிக்கிறது. ஆயினும் அப்சலோமுக்காகத் தாவீது அழுத அழுகைக்கு ஈடான ஒரு கணத்தை நான் அதில் காணவில்லை. செத்து விழுபவர்களைக் கண்டு நாம் வியக்கிறோமேயன்றி வருந்துவதில்லை. அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காந்தி ஜயந்தி விடுமுறை. அன்று எங்கள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரும் என்னோடு வந்தார். ஊர்ப்பெயரையும் வழியையும் நானறிந்ததைவிட நன்கறிந்தவர். எழுபதைக் கடந்தவர். "ஐயா, நம்ம ஊரு கதையாம், நானும் வாரேன்" என்று அவரே கேட்டுக்கொண்டார். மானூர், தேவர்குளம் வழியாகச் சென்ற பேருந்தில் அவர் திரைப்படத்தைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. மழை பிந்தியதைப்பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

'பரியேறும் பெருமாள்' படத்தின் கதையை இன்று பலரும் அறிவர். புளியங்குளம் என்னும் சிற்றூரிலிருந்து பரியன் என்னும் தலித் இளைஞன் திருநெல்வேலிச் சட்டக்கல்லூரியில் சேருகிறான். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் விளங்காமல் தலைகுனிந்து நிற்பவனுக்கு உடன்பயிலும் ஜோதி மகாலட்சுமி என்னும் பெண் கற்பிக்கிறாள். அவள் ஆதிக்கச் சாதிக் குடும்பத்துப் பெண். அந்த நட்பின் விலையைப் பரியன் செலுத்துகிறான். அவள் வீட்டுத் திருமணத்திற்கு அழைக்கப்பட்டுச் சென்றவன் அறைக்குள் பூட்டப்பட்டு அடிக்கப்படுகிறான். அவன்மேல் சிறுநீர் கழிக்கப்படுகிறது. கதிர், ஆனந்தி, யோகி பாபு, மாரிமுத்து ஆகியோர் நடித்துள்ளனர், இசை சந்தோஷ் நாராயணன், தயாரிப்பு பா. இரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ்.

படம் ஒரு நாயின் சாவோடு தொடங்குகிறது. பரியனுடைய வேட்டைநாய் கருப்பியைச் சிலர் இருப்புப்பாதையில் கட்டிவைத்துக் கொன்றுவிடுகின்றனர். ஊரார் கூடி மனிதரைப் புதைப்பதுபோல் ஒப்பாரி வைத்துப் புதைக்கின்றனர். அரங்கில் முன்வரிசையிலிருந்த இளைஞர் சிலர் தொடக்கத்தில் நகைத்தனர். நாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பதுபோல. பாடல் முடிவதற்குள் அந்நகைப்பு அடங்கிவிட்டது. அதன்பின் நாய் நீலநிறத்தில் பரியனின் மனக்கண்ணில் திரும்பத் திரும்ப வருகிறது. இதனைக் குறியீடு என்று விளக்கிவிட்டு நகர்வது விமரிசகருக்கு எளிது. நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. கருப்பி முதலில் ஒரு நாய். வளர்த்தவனால் நேசிக்கப்பட்ட நாய். அந்தத் துக்கம் உண்மையாயிருப்பதனால்தான் பின்னர் அது வேறெதையும் சுமக்க முடிகிறது. உவமைகளைப் பிரசங்கிக்கும்போது காணாமற்போன ஆட்டை உடனே பாவியாக மாற்றிவிட்டு, ஆடு என்னவாயிற்று என்பதை மறந்துபோகும் நமக்கு இது ஒரு பாடம்.

ஓரிடத்தில் உபதேசியார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பரியனின் தந்தை கிராமியக் கூத்தில் பெண்வேடமிட்டு ஆடுபவர். திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த கலைஞர் தங்கராசு அப்பாத்திரத்தை ஏற்றிருந்தார். அவர் 2023இல் காலமானார். கல்லூரி வாயிலில் மாணவர் சிலர் அவருடைய வேட்டியை உருவித் தெருவில் ஓடவிடுகின்றனர். ஒரு முதியவர் இருகைகளாலும் தம்மை மறைத்துக்கொண்டு ஓடுகிறார். நாம் காண்பது அவ்வளவே. அழுத்தமான வசனம் ஏதும் அங்கே இல்லை. அரங்கில் இருமல் சத்தமும் கேட்கவில்லை.

மற்றொரு பாத்திரம் இறையியல் மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கராத்தே வெங்கடேசன் நடித்துள்ள அந்த முதியவர் சாதியை மீறிக் காதலிப்போரைக் கொல்லுகிறவர். கொலைகள் யாவும் விபத்தாகவோ தற்கொலையாகவோ தோன்றும்படி செய்துமுடிக்கிறார். அவரிடம் கோபமில்லை, குரலை உயர்த்துவதில்லை, பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிச் செல்லும் தாத்தாவின் முகம். தாம் செய்வதைக் குலதெய்வத்திற்குச் செய்யும் ஊழியமாக அவர் கருதுகிறார். சமயப்பற்றும் கொலையும் ஒரே அமைதியில் ஒரே மனிதனிடம் குடியிருப்பதைத் தமிழில் இத்துணைத் துல்லியமாக வேறெந்தப் படமும் காட்டி நான் கண்டதில்லை. பரியனைக் கொல்ல முயன்று தோற்றபின் அவர் தாமே இருப்புப்பாதையில் தலைவைத்துப் படுத்துவிடுகிறார். கருப்பி இறந்ததும் இருப்புப்பாதையில்தான். பலியிட்டவனே பலியாகிறான். ஆனால் அதனால் எவரும் மீட்கப்படுவதில்லை என்பதைப் படம் தெளிவாகவே வைத்திருக்கிறது.

சட்டக்கல்லூரியை மையமாகக் கொண்ட இப்படத்தில் சட்டம் ஒருமுறையேனும் செயற்படுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. பரியன் காவல் நிலையத்திற்குச் சென்று புகார் எழுதுவதில்லை. நீதிமன்றத்தையும் நாம் காண்பதில்லை. அம்பேத்கரைப்போல் ஆகவேண்டுமென்று கல்லூரிக்கு வந்தவனுக்குச் சட்டப் புத்தகத்தினால் வாயிற்கதவு மட்டுமே திறக்கிறது. படத்தின் கதை 2005ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைக்கப்பட்டுள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே இயற்றப்பட்டுவிட்டது.

குறையும் உண்டு. ஜோதி மகாலட்சுமி தன் வீட்டார் பரியனுக்குச் செய்ததை இறுதிவரை அறியாமலேயே இருக்கிறாள். அவளைக் காக்கும் பொருட்டுப் பரியன் மறைக்கிறான் என்பது அவனுடைய பெருந்தன்மையைக் காட்டலாம். ஆனால் அவளை ஒரு குழந்தையாகவே நிறுத்திவிடுகிறது. சட்டம் படிக்கும் பெண்ணுக்குத் தன் சாதியைப்பற்றி ஒன்றும் தெரியாது என்று நம்பும்படி நம்மைக் கேட்பது மிகையே. அவள் அறிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்ற கேள்வி இதனினும் கடினமான வேறொரு படத்தைத் தந்திருக்கும்.

இறுதிக் காட்சிக்கு வருகிறேன். பெண்ணின் தந்தை பரியனைக் காண வருகிறார். நடந்ததற்கு ஒருவகையில் வருந்துகிறார். நாளடைவில் நிலைமை மாறக்கூடும் என்ற பொருள்படப் பேசுகிறார். நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை, நான் நாயாக இருக்கவேண்டுமென்று நீங்கள் எதிர்பார்க்கும்வரை, எதுவும் மாறப்போவதில்லை என்ற கருத்தில் பரியன் விடையளிக்கிறான். உரத்த குரலில் அன்று, அடக்கமாகவே. பின்னர் மேசைமேல் இரண்டு தேநீர்க் குவளைகளும் இடையே ஒரு வெள்ளைப் பூவும் தெரிய, படம் முடிகிறது.

அப்பூவை நம்பிக்கையின் அடையாளம் என்றே பலரும் எழுதினர். நான் முதலில் அவ்வாறே கொண்டேன். மல்லிகைச் சந்தையுள்ள ஊரில் வாழ்பவனுக்குப் பூவைக் கண்டவுடன் மனம் இளகிவிடுவது இயல்பு. ஆனால் புதன்கிழமை தனியே மறுபடியும் சென்று பார்த்தபோது குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இரண்டு. பூ அவற்றைச் சேர்க்கவில்லை; நடுவில் கிடக்கிறது. தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்கெனத் தனிக்குவளை வைத்திருந்த வரலாற்றை, சில இடங்களில் இன்றும் வைத்திருப்பதை, அறிந்தவர்க்கு அச்சட்டத்தின் பொருள் விளங்கும். இருவரும் ஒரே கடையில், ஒரே மேசையில், ஒரேவிதக் குவளையில் அருந்தியிருக்கின்றனர் என்பது ஒரு முன்னேற்றம். அதற்குமேல் ஒன்றும் நடந்துவிடவில்லை. இயக்குநர் அவர்களைக் கைகுலுக்க வைக்கவில்லை, தந்தையை அழவைக்கவில்லை. நாமாயிருந்தால் செய்திருப்போம். போதகராகிய நாம் ஒப்புரவாகுதலுக்கு விரைகிறவர்கள். சண்டையிட்ட இரு குடும்பங்களை ஆலயத்தில் எதிரெதிரே நிறுத்தி, ஜெபம் செய்து, கைகொடுக்கச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுகிறவர்கள். மலிவான கிருபை என்று 1937இல் போன்ஹோஃபர் எழுதியதை வகுப்பில் கற்பிக்கிறோம். மாரி செல்வராஜ் அதை மறுத்துக் காட்டியிருக்கிறார்.

1987இல் நான் கல்லூரி மாணவனாயிருந்தபோது வீட்டாருக்குத் தெரியாமல் பாரதிராஜாவின் 'வேதம் புதிது' பார்த்தேன். அதில் பாலுத்தேவரின் பெயருக்குப் பின்னாலுள்ள சாதிப் பெயர் அவர் படித்துப் பெற்ற பட்டமா என்று ஒரு சிறுவன் கேட்கிறான். அவர் மனம் உடைகிறது. அன்று அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அது ஆதிக்கச் சாதியார் ஒருவர் மனந்திரும்பும் கதை. துன்புற்றவர்கள் அந்த மனந்திரும்புதலுக்குப் பின்னணியாக நிற்கின்றனர். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்துக் காமிரா மறுபக்கம் வந்து அமர்ந்திருக்கிறது. மனந்திரும்பவேண்டியவர் இன்னும் திரும்பி முடிக்கவில்லை. பரியன் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவுமில்லை, அவனுக்குத் தேர்வு இருக்கிறது. மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021), 'மாமன்னன்' (2023), 'வாழை' (2024), 'பைசன்' (2025) ஆகியவற்றைப் பின்னர் பார்த்தேன். 'வாழை' ஒன்றே இம்முதற்படத்தின் அருகில் வைக்கத்தக்கதென்பது என் கருத்து.

செவ்வாய் மாலைக்குத் திரும்புகிறேன். அரங்கைவிட்டு வெளியே வந்தால் திரையில் கண்ட அதே தெருக்கள், அதே பேருந்துகள். புதிய பேருந்து நிலையத்தில் சங்கரன்கோவில் வண்டிக்கு நேரமிருந்தது. "ஐயா, ஒரு டீ குடிப்போமா?" என்றார் உபதேசியார். கண்ணாடிக் குவளையைக் கையில் வாங்கியபின் நெடுநேரம் குடிக்காமல் வைத்திருந்தார். பின்னர் சொன்னார். எழுபதுகளில் அவர் இளைஞராய் உபதேசியார் பணியில் அமர்ந்த முதல் சிற்றூரில், சபைக்காரியங்களுக்காகச் சபை மூப்பர் ஒருவரின் வீட்டிற்குப் போகவேண்டியிருக்கும். மூப்பர் நல்ல மனிதர், காணிக்கையில் குறைவைக்காதவர். அவர் வீட்டுத் தாழ்வாரத்துக் கூரையில் ஓர் அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும். உபதேசியார் அதைத் தாமே எடுத்து நீட்டவேண்டும். காப்பியை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்தபின் கழுவி அங்கேயே செருகிவிட்டு வரவேண்டும். "ஞாயித்துக்கிழமை அவரும் நானும் ஒரே பாத்திரத்துலதான் குடிப்போம், ஐயா. திங்கக்கிழமை தம்ளர் வேற." அவர் இதை ஒரு முறையீடாகச் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "பூ வச்சாப்பல போதுமா?" என்றார். நான் மறுநாள் தனியே சென்று குவளைகளைப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

இந்நிலை நமக்குப் புதிதன்று. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையினின்று முற்றிலும் நீக்கவேண்டுமென்று சுற்றுமடல் விடுத்தபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் எழுந்த எதிர்ப்பு, இருக்கையையும் பாத்திரத்தையும் பற்றியே மிகுதியாயிருந்தது. அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியதற்காகப் பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். அரசரடியில் கற்பித்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு ஒரே உலையில் சமைத்து உண்பதையே இறையியலாக வகுத்துக் கற்பித்தார். இவையனைத்தும் எனக்குத் தெரியும்; தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். தெரிந்திருந்தும் அன்று பேருந்தில் உபதேசியாரிடம் ஒன்றை நான் சொல்லவில்லை. எங்கள் பாட்டி வீட்டின் பின்கட்டு மாடக்குழியிலும் அப்படி ஒரு தம்ளர் இருந்தது. ஏழெட்டு வயதில் வயலிலிருந்து வந்தவர்களுக்கு அதில் தண்ணீர் ஊற்றியவன் நான். எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றவேண்டும் என்பதை எனக்கு எவரும் வாயால் கற்பிக்கவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டேன். பனவடலிச்சத்திரம் தாண்டியபின் அவர் உறங்கிவிட்டார். எழுப்பிச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிவு வரவில்லை.

வாரத்தின் எஞ்சிய இரண்டு படங்களையும் இந்நினைவோடுதான் பார்த்தேன்; ஆகையால் அவற்றிற்கு நான் நியாயம் செய்யாதிருக்கலாம். '96' அழகான படம். 1996இல் தஞ்சாவூர்ப் பள்ளியில் பயின்றோர் மீண்டும் கூடும்போது, மணமாகிச் சிங்கப்பூரில் வாழும் ஜானுவும், மணமாகாமல் புகைப்படக்கலைஞனாயிருக்கும் ராமும் ஓர் இரவு முழுவதும் சென்னையில் பேசிக்கொண்டிருக்கின்றனர். விஜய் சேதுபதியும் திரிஷாவும் எல்லை மீறுவதில்லை, படமும் மீறுவதில்லை. ராம் பள்ளிநாள் முதல் கேட்டும் அவள் பாடாத ஒரு பாடலை, மின்சாரம் நின்ற இருளில் அவள் பாடத் தொடங்கும்போது அரங்கில் ஏற்பட்ட அசைவை நான் மறக்கமாட்டேன். எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த நடுவயதுப் பெண்மணி ஒருவர் மெல்ல அழுதார். அருகிலிருந்த கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருமண ஆலோசனை வகுப்புகளில் நாம் ஒருபோதும் தொடாத இடம் அது. நிறைவேறாத அன்பைப் பாவமென்று கண்டிக்கவோ வெற்றியென்று கொண்டாடவோ செய்யாமல் மரியாதையாக வழியனுப்பிவைக்கும் வகை நம்மிடம் இல்லை.

'ராட்சசன்' வேறுவகை. அச்சமூட்டும் கலையில் தேர்ந்த படம். இடைவேளையில் எனக்குத் தேநீர் இறங்கவில்லை. பள்ளிச் சிறுமியரைக் கொல்லும் ஒருவனை உதவி ஆய்வாளர் ஒருவர் தேடுகிறார். வகுப்பறையில் மாணவியரிடம் தகாதவாறு நடக்கும் ஆசிரியர் ஒருவரைக் காட்டும் பகுதி, பள்ளிகளை நடத்தும் திருச்சபையார் கட்டாயம் பார்க்கவேண்டியது. எனினும் இறுதியில் கொலைகாரன் யார் என்று வெளிப்படும்போது எனக்குச் சினம் வந்தது. நோயினால் உருக்குலைந்து, பள்ளியில் ஏளனத்திற்குள்ளான ஒருவனே அரக்கன். சிதைந்த உடலைச் சிதைந்த உள்ளத்திற்கு அடையாளமாக்கும் பழைய கொடுமை இது. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களின் நிலையிலேயே நம் திரைக்கதை இன்னும் நிற்கிறது. அவனுடைய பெயர் கிறிஸ்டோபர். தாயின் பெயர் மேரி.

வெள்ளிக்கிழமை இரவு திரும்பும்போது இதை நினைத்தேன். ஐந்து முறை திரையரங்கில் அமர்ந்து, என் மனத்தில் பதிந்த கிறிஸ்தவப் பெயர் கொலைகாரனுடையது. பாளையங்கோட்டையின் கோபுரங்களும் நாம் நடத்தும் கல்லூரிகளும் நிறைந்த மாவட்டத்தைப்பற்றிய 'பரியேறும் பெருமாள்' படத்திலோ, கதையின் எத்திருப்பத்திலும் ஒரு போதகர் இல்லை. துணைநிற்கவும் இல்லை, தடைசெய்யவும் இல்லை. முதலாவதைக் குறித்து நாம் கண்டனக் கடிதம் எழுதுவோம். இரண்டாவதைக் குறித்து யாருக்கு எழுதுவது? 1978இல் தெலுங்கில் வெளிவந்த 'கருணாமயுடு' படத்தை ஊர் ஊராக வெள்ளைத்துணி கட்டிக் காட்டினோம். இயேசு திரையில் வந்தால் சினிமா பாவமில்லை என்று அன்று தீர்த்துவைத்தவர்கள் நாம். அவர் வராத படங்களில் நம்மைப்பற்றி என்ன சொல்லப்படுகிறது, என்ன சொல்லாமல் விடப்படுகிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டாகவில்லை.

அக்டோபர் 7, உலகத் திருவிருந்து ஞாயிறு. எங்கள் ஆலயத்தில் சுகாதாரம் கருதிப் பல ஆண்டுகளாகவே ஒரே பாத்திரம் நீங்கி, தட்டில் அடுக்கிய சிறு கிண்ணங்கள் வழக்கத்தில் இருந்தன. அதுவரை அதை நான் பொருட்படுத்தியதில்லை. அன்று உபதேசியாரின் கையில் ஒரு சிறு கிண்ணத்தைக் கொடுத்தபோது அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்; அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றிற்று. நவம்பர் மாதச் சபைக்குழுவில் ஒரே பாத்திரத்திற்குத் திரும்பலாமா என்ற பொருளை நானே எழுப்பினேன். காரணத்தை முழுவதும் சொல்லவில்லை. சளி, இருமல், முதியோர், சிறுவர் என்று பலவும் பேசப்பட்டு, அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. பின்னரும் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. 2020இல் கொள்ளைநோய் வந்தபின் அப்பேச்சை எடுக்கவே இடமில்லாமற் போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் உபதேசியாரை அடக்கம் செய்தோம். மாடக்குழித் தம்ளரைப்பற்றி அவரிடம் நான் சொல்லாமலே போயிற்று.

பயிற்சி முகாமில் அந்த இரண்டு விரிவுரைகளையும் ஆற்றினேன். இறுதிக் காட்சியைத் திரையிட்டபின், இளம்போதகர் ஒருவர் எழுந்து, குவளைகளில் எது யாருடையது என்று கேட்டார். மறுபடியும் போட்டுப் பார்த்தோம்.